வந்தும் வராத பேச்சு

போன வாரம் அக்கா மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்குப் போயிருந்தேன். சாமையும் தேனும் வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னோம். உண்மையில் அவளை அந்த வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இருந்தார்கள். அக்கா காபி கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கிறாள், அத்தான் செய்தித்தாளை விலக்கிவிட்டுப் பார்க்கிறார். பாவம், அந்தப் பெண் எங்கேதான் முகத்தை வைத்துக்கொள்வாள்?

காவலூர் தாண்டியதும் காற்று குளிர்ந்தது, அவளுக்கும் பேச்சு வந்தது. ஜமுனாமரத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். எதிரே பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டரைக் காட்டி, "இன்னா மாமா அது, வெறும் மூணு புள்ளி மட்டும் இருக்குது?" என்றாள்.

பார்த்தேன். பெயின்ட் எல்லாம் உரிந்துபோய் ஓர் ஆய்த எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. 'ஃபேக்ஸ்' என்பதில் பின்னால் இருந்த 'பேக்ஸ்' போய்விட்டது. அந்த ஆய்த எழுத்தை நான்தான் பக்கத்தில் நின்று எழுத வைத்தேன். பெயின்டர் 'பேக்ஸ்' போதும் என்றார். "அது இங்கிலீஷ்ல பைன்னு அர்த்தமாயிடும்ங்க, முன்னாடி மூணு புள்ளி வைங்க" என்று நான் தமிழாசிரியர் மாதிரி அதட்டினேன். மலையில் ஒருவரும் அந்த மூன்று புள்ளியைச் சட்டை செய்யவில்லை. சொல்லிச் சொல்லி அது அவர்கள் வாயில் 'பேச்சு' ஆகிவிட்டது. "தம்பி, ஒரு பேச்சு அனுப்பணும்." "எனுக்கு பேச்சு எதுனா வந்துக்குதா?" முதலில் திருத்திப் பார்த்தேன். அப்புறம் நானே ஆலங்காயத்திலிருந்து போன் செய்யும் முதலாளியிடம், "இன்னைக்கு நாலஞ்சு பேச்சு போச்சுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு அப்போது கல்யாண வயது. முதலாளியின் கம்ப்யூட்டர் கடைக்கு மலைக்கிளை மாதிரி அது. நான்தான் ஆள், நான்தான் மேனேஜர், நான்தான் பெருக்குவது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், சூடானால் கருகின வாசம் அடிக்கும் ஒரு பிரின்டர். இன்றைக்கும் எங்கேயாவது பிரின்டர் வாசம் வந்தால் கூடவே பலாப்பழ வாசமும் வருகிற மாதிரி எனக்கு இருக்கும். சந்தை நாளில் பலாப்பழம் விற்க வருகிறவர்கள் கடை வாசலில்தான் இறக்குவார்கள். ஈ மொய்க்கும். திட்டினால் நாலு சுளை கொடுப்பார்கள், நான் வாயை மூடிக்கொள்வேன்.

கவனியுங்கள், அந்தச் சாமான்களில் ஃபேக்ஸ் மிஷின் கிடையாது. ஒரு பழைய மிஷின் முன்பு இருந்தது. ஆனால் மலை டெலிபோன் லைனில் அது பாதிப் பக்கம் அனுப்பிவிட்டு மூச்சு வாங்கும், மழை வந்தால் படுத்தே விடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்டர்நெட்டில் ஒரு ஃபேக்ஸ் எண் வாங்கினோம். யார் எந்த மிஷினிலிருந்து அந்த எண்ணுக்கு அனுப்பினாலும் அது எங்கள் மெயிலுக்கு வந்துவிடும், நான் பிரின்ட் எடுத்துக் கொடுப்பேன். இங்கிருந்து அனுப்புவதானால் காகிதத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலிருந்தே தள்ளுவேன். எதிர்முனையில் அவர்கள் மிஷின் கிரீச்சென்று கத்திக்கொண்டு அதைக் கக்கும். எங்கள் பக்கம் சத்தமே இருக்காது.

சத்தமில்லாத வேலையை மலையில் யார் நம்புவார்கள்? "மிஷினே இல்ல, எப்பிடிப்பா போவும்?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். கொஞ்ச நாள் விளக்கினேன். அப்புறம் அலுத்துப்போனது. ஒருநாள் யாரோ, "காவலூர்ல நட்சத்திரம் பாக்கற பெரிய கண்ணாடி வச்சிக்கிறாங்களே, அது வழியா போவுதா?" என்று கேட்டார். "ஆமாங்க, அது வழியாத்தான்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வெள்ளை வேட்டி, அயர்ன் பண்ணின சட்டையில் ஒரு பெரியவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார். "ஃபேக்ஸ் மிஷின் எங்க தம்பி?" என்றார். "மிஷின்லாம் இல்லீங்க" என்று தலையைத் தூக்காமலே சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார். இவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குச் சில நாள் முன்னால்தான் வாணியம்பாடியில் எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெண்ணின் அண்ணனுக்குத் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை, அங்கே ஃபேக்ஸ் மிஷின் உண்டு. கேசரி வந்தது, பெண் வந்தாள், என்னைப் பார்த்தாள், நான் கேசரியைப் பார்த்தேன். எழுந்திருக்கும்போது அவள் அப்பா வழக்கமான வார்த்தையைச் சொன்னார். "பேசிட்டு சொல்லி அனுப்புறோங்க."

இந்த 'சொல்லி அனுப்புகிறோம்' என்பது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று எனக்கு அப்போது தெரியாது. பிடித்திருந்தால் ஆள் வரும். பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் வராது. யாரும் யார் முகத்திலும் அடித்துச் சொல்ல வேண்டாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு, "அவங்க ஒண்ணும் சொல்லி அனுப்பல" என்று வேறு இடம் பார்க்கலாம். மறுத்தார்கள் என்கிற பேச்சே எழாது.

அதைக் கெடுத்தவன் நான். சட்டைப் பையிலிருந்து கடை கார்டை எடுத்து நீட்டி, "எங்க கடையில ஃபேக்ஸ் இருக்குதுங்க. ஆள்லாம் எதுக்கு, இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க, உடனே வந்துடும்" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அது பாராட்டாகப் பட்டது. வயசு அப்படி.

சரி, அந்தச் சந்தை நாளுக்கு வருகிறேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வந்த ஃபேக்ஸை நானே உரக்கப் படித்துச் சொல்வேன். காகிதம் பிரின்டரிலிருந்து வரவரப் படிக்க ஆரம்பித்துவிடுவேன், அதற்கென்று ஒரு குரலே வைத்திருந்தேன், ரேடியோவில் செய்தி படிப்பவர் மாதிரி. ஃபேக்ஸுக்கு உறை கிடையாது அல்லவா, கடையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். மகன் ஊருக்கு வருகிறான் என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். காய்ச்சல் என்றால் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். அதில் ஒருவரும் தப்பு பார்க்கவில்லை, நானும்தான்.

பூங்காவனம் என்று ஓர் அம்மா, சந்தையில் புளி விற்பவர். மகன் குடகில் காபித் தோட்டத்தில் வேலை செய்தான். அங்கே கணக்கு எழுதுகிறவர் அவனுக்காக எப்போதாவது நாலு வரி எழுதி ஃபேக்ஸ் அனுப்புவார். அன்றைக்கு அந்த அம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "பேச்சு வந்திருக்குதா பாரு தம்பி, ராத்திரி கனவுல வந்தான்" என்றார். மெயிலில் ஒன்று வந்திருந்தது. யார் அனுப்பியது என்று பார்க்காமலே பிரின்ட் கொடுத்தேன். கடையில் நல்ல கூட்டம். காகிதம் தலையை நீட்டியதும் குரலை எடுத்தேன்.

"இந்த ஃபேக்ஸ் மிஷினை வைத்திருக்கும் முதலாளி அவர்களுக்கு வணக்கம். தங்கள் மிஷினைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த பையனிடம் கீழ்க்கண்ட தகவலைத் தெரிவிக்க வேண்டுகிறோம்..."

இந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. யாரோ ஒரு முட்டாளின் கதை என்றுதான் அடுத்த வரிக்குப் போனேன்.

"எங்கள் பெரியப்பா ஜமுனாமரத்தூர் சென்று நேரில் பார்த்ததில், கம்ப்யூட்டர் கடையில் ஃபேக்ஸ் மிஷின் எதுவும் இல்லை..."

வெள்ளை வேட்டி ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பும் வந்தது. அந்த முட்டாள் நான்தான். ஆனால் பாருங்கள், அந்த ரேடியோக் குரல் நிற்க மாட்டேன் என்கிறது. பிரின்டர் தள்ளத் தள்ள அது பாட்டுக்குப் படிக்கிறது.

"...காவலூர் கண்ணாடி வழியாக ஃபேக்ஸ் போவதாகவும் அந்தப் பையன் ஜனங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறவருக்குப் பெண் கொடுக்க எங்களுக்குச் சம்மதம் இல்லை. பெண்ணும் அவ்வாறே கூறிவிட்டாள்."

ஃபேக்ஸ் இல்லை என்று ஃபேக்ஸில் வந்த கடிதம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். நீங்கள் அனுப்பியதை நான் படித்தேனே, அதுவே வந்து சேர்ந்ததற்குச் சாட்சி இல்லையா என்று வாணியம்பாடிக்கு ஓடிப் போய்க் கேட்கலாம் என்று ஒரு கணம் ரோஷம் வந்தது. அதற்குள் அந்தக் கடைசி வரி வந்துவிட்டது. பெண்ணும் கூறிவிட்டாளாம். அவமானம் என்றால் அதுதான். தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. பலாச்சுளை தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். அந்த ஊரில் கம்ப்யூட்டர் கடை வேறு கிடையாது.

பூங்காவனத்தம்மாதான் முதலில் பேசினார். "யாருக்குப்பா வந்துக்குது இது?"

"தெரியலம்மா. யாருக்கோ... நம்பர் மாறி வந்துடுச்சு போல" என்றேன்.

"பாவம், யார் பெத்த புள்ளையோ" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, புளி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் புள்ள கைல குட்த்துடாதே தம்பி. கிழிச்சிப் போட்டுடு. பேச்சு வர்லன்னே இருக்கட்டும்."

"ஆமா ஆமா, கிழிச்சிடு. மழைல லைன்னு போய்டுச்சின்னு சொல்லிக்கலாம்" என்றார் ஒரு பலாக்காரர். அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

கிழித்தேன். துண்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், வெட்கம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர்கள் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்ததுதான் என்னைக் கொன்றது. மிச்சமிருந்த சுளைகளை யாரோ ஓசைப்படாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கடையில் நான் இருந்த வரைக்கும் ஒருவர்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் வந்த காகிதத்தை முதலில் மனசுக்குள் படித்துவிட்டுத்தான் வாய் திறந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். "பேச்சு வந்துச்சாடா?" அவள் கேட்டது கல்யாணப் பேச்சை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வரலம்மா. மலையில லைன் சரியில்ல."

அம்மா நம்பினாள். அதற்கப்புறம் வேறு இடத்தில் எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்த பிறகும் வாணியம்பாடிப் பேச்சு எழுந்தால், "நல்ல குடும்பம்டா அது. அனுப்பித்தான் இருப்பாங்க, உன் பாழாப்போன மிஷினுதான் முழுங்கிடுச்சு" என்பாள். கடைசிவரை அந்தக் குடும்பத்தின் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மலைமேல் இல்லவே இல்லாத ஒரு மிஷின் எல்லாப் பழியையும் சுமந்தது.

இவ்வளவும் டீக்கடையில் உட்கார்ந்து அக்கா மகளுக்குச் சொல்லவில்லை. "ஃபேக்ஸ் கடை அது, நான் வேலை செஞ்ச இடம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வாயில் வராத வெட்கங்கள் சில இருக்கின்றன. முதலாளி கடையை விற்றதும் அந்த எண்ணும் செத்துப்போனது. பூங்காவனத்தம்மாவும் இப்போது இல்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

அப்போது அவள் போன் முனகியது. எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சத்தமாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

"மாப்ளை வூட்ல இருந்து மெசேஜ் மாமா. ஒத்துவராதாம். கீழ ஒரு கும்பிடு படம் வேற போட்டுக்கிறாங்க."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் டீ கிளாசைப் பார்த்தேன். பூங்காவனத்தம்மா புளி மூட்டையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. மெதுவாகச் சொன்னேன். "அழிச்சிடு கண்ணு. வரலன்னே இருக்கட்டும். வூட்ல நான் பாத்துக்கிறேன்."

அவள் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எப்பிடி மாமா வரலன்னு சொல்றது? நான் பாத்துட்டேன்னு அவங்க போன்ல ரெண்டு நீல டிக் காட்டியிருக்குமே."