அப்பாவின் தூக்கத்துக்குக் காவல்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் அப்பா இருப்பார், மறுவாரம் அப்பாவின் தூக்கம் இருக்கும். முதலாவதைவிட இரண்டாவதற்குத்தான் நாங்கள் பயந்தோம்.

கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தறிக்குடோனை ஒட்டினாற்போல ஓர் அறை வீடு. அப்பா அந்தக் குடோனில் தறி ஓட்டினார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் ராத்திரி ஷிப்ட். ராத்திரி வாரத்தில் காலை எட்டு மணிக்குத் தலையெல்லாம் பஞ்சோடு வந்து, குளித்து, நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் பாயில் விழுவார். விழுவார், அவ்வளவுதான். புரண்டு புரண்டு பாயே சுருண்டு போகும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குடோனில் குடிக்கிற டீதான் காரணம் என்றாள் அம்மா. கண்ணேறு பட்டுவிட்டது என்று வெள்ளகோவில் அத்தை எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறி வந்து சுற்றிப் போட்டுவிட்டு, பாயையும் கிழக்கே திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். கூரையோ சிமெண்ட் ஷீட். கோடையில் உள்ளே இட்லி வேகும். அதை யாரும் சொல்லவில்லை, மாற்ற வழியில்லை என்பதாலோ என்னவோ. ஒருநாள், தறியில் நிற்கும்போதே கண் சொக்குகிறது என்று அப்பா சொல்ல, அம்மா அழுதுவிட்டாள். ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் கண் சொக்கினால் கை போய்விடும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். பரீட்சை லீவு. காரணத்தை நானே கண்டுபிடித்தேன். சத்தம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறிகள் நாள் முழுக்கத் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தனவே, அவற்றை நான் சத்தத்தில் சேர்க்கவே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டது. எனக்குச் சத்தம் என்றால் காக்கை, குக்கர், பக்கத்து வீட்டு ரேடியோ.

வாசற்படியில் ஒரு வேப்பங்குச்சியோடு உட்கார்ந்துவிட்டேன். காக்கை உட்காரக் கூடாது. ரேடியோவை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து வீட்டோடு சண்டை. குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் பார்த்து ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். அந்த லீவு முழுக்க நாங்கள் வேகாத பருப்பைத்தான் தின்றோம். அவ்வப்போது கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். அப்பா முதலில் புரண்டுகொண்டிருந்தவர், நாலாம் நாள் கண்ணை மூடி ஆடாமல் அசையாமல் கிடந்தார். அடடா, எனக்கு வந்த பெருமை! தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தேன்.

ஆனாலும் அவர் கண் மிளகாய்ப் பழமாகவே இருந்தது. அம்மா விடவில்லை, டாக்டரிடம் இழுத்துப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் பொறுமைசாலி. எத்தனை டீ, ஷிப்ட் எப்படி மாறுகிறது, வீட்டில் வெக்கையா, மனசில் ஏதாவது கவலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஒம்பது மணியில இருந்து மூணு மணி வரைக்குமுங்க. அசையவே மாட்டாருங்க. நாந்தானுங்க காவலு."

டாக்டர் சிரித்துவிட்டு, அப்படியா என்பதுபோல அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க. நல்லாத் தூங்கறனுங்க."

அப்படியென்றால் வெறும் பலவீனம்தான் என்று டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பாட்டிலை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

அடுத்த ராத்திரி வாரத்தில், விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அப்பா நின்றபடியே தூங்கிப்போனார். மோட்டார் பெல்ட்டில் வலது கை மாட்டியது. ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. இனி உனக்கு ராத்திரி ஷிப்ட் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ராத்திரியில் அவர் விட்ட குறட்டைக்கு அம்மா விழித்துக் கிடந்தாள்.

கட்டு அவிழ்க்காத ஒரு மத்தியானம், அப்பா என்னைச் சீண்டினார்.

"ஏ அம்மணி, மணி அடிக்காத, எங்கப்பா போலீசுன்னு ஐஸ்காரங்கிட்டச் சொன்னியே, அவன் நம்புனானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஒரு பகலில், கதவுக்கு வெளியே, ரகசியமாக நான் சொன்னது. யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"நீங்க தூங்கீட்டுத்தானே இருந்தீங்க?"

"எங்க கண்ணு தூங்குனேன்? நீ சோறுகூடத் திங்காம வெயில்ல உக்காந்து காக்கா முடுக்கறப்ப, தூக்கம் வரலேன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு லீவு முழுக்க என்னை இப்படி ஏமாற்றிவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இடது கையில் கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் பாதிச் சோற்றை அவர் கீழே சிந்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏமாந்தது நான்தானே, அவருக்கென்ன என்று என் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.