கண்டாக்கையாவின் நாக்கு

லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக்கு இருந்தது ஒரே ஒரு பீலி. மேலே ஓடையிலிருந்து தகரத்தில் வந்து விழும் தண்ணீர். குடிக்கவும் அதில்தான் பிடித்தோம். தேயிலைக்கு நடுவே முளைக்கிற புல்லைக் கொல்ல மருந்தடித்துவிட்டு வந்து சட்டையை அலசியதும் அதில்தான். வயதாகித் தோட்டக் கணக்கில் பேர் வெட்டிய பிறகும் நான் கைக்காசுக்கு மருந்தடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி குடத்தோடு நின்று திட்டுவாள்.

"நீங்க அலசுன தண்ணியிலதான் ஒங்களுக்கே சோறாக்குறேன். நல்லா தின்னுங்க!"

மருந்து ஸ்டோருக்குப் பக்கத்திலேயே மருந்தடிக்கிற எங்களுக்குத் தனியாக ஒரு பைப்பு வேண்டும் என்று கேட்டோம். மலையில் எங்களை மேய்க்கிற கண்டாக்கு அசையவில்லை.

"மருந்து புல்லுலதான்யா விழுது. ஒங்க மேல எங்க விழுது? காட்டுங்க பாப்போம்."

எப்படிக் காட்டுவது? கண்ணுக்குத் தெரிந்தால்தானே.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை ஆராய்ச்சிக்கு வந்தது. பொகவந்தலாவை லயத்துப் பிள்ளைதான். அன்றைக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லி, நாங்கள் முதுகில் சுமக்கிற டேங்கில் ஏதோ தூளைக் கரைத்தது.

"இது வெறும் சாயம் தாத்தா. ஒண்ணும் செய்யாது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, என் லைட்டுக்கு மட்டும் தெரியும். எப்பவும் மாதிரி அடிங்க."

கண்டாக்கு சிரித்தார். "ஒருத்தன் மேல தெரிஞ்சாலும் போதும். பைப்புக்கு நானே தொரைகிட்ட பேசுறேன்."

அடித்தோம். நடுவில் என் டேங்கின் குழாய்முனை அடைத்துக்கொண்டது. "இத்தன வருஷமா அடிச்சும் இது தெரியலியா?" என்று கண்டாக்கே வாங்கி, திருகி, ஊதிக் கொடுத்தார்.

பிறகு தேத்தண்ணி வந்தது. சீனியைக் கலக்கிக் குடிப்பது எங்களுக்கு ஒத்துவராது. உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மடக்கு. வட்டகொடையில் ஒரு கல்யாண வீட்டில் கலக்கிக் கொடுத்தபோது, என் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "பாயாசம் அப்புறம் குடிக்கிறேன், மொதல்ல தேத்தண்ணி குடுங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாள் முறைத்தார்கள். அது கிடக்கட்டும். அன்று கண்டாக்கும் எங்களோடு உட்கார்ந்து நக்கினார்.

சாயந்தரம் எல்லோரையும், பகலில் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்குள் நிறுத்தி, ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டினார்கள். பெண்களும் வேடிக்கை பார்க்க நுழைந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை லைட்டைப் போட்டது.

ஐயோ! திருவிழா மாதிரி இருந்தது. ஒருவனுக்குக் காது பச்சையாக மின்னியது. ஒருவனுக்கு மூக்கு நுனி. என் முழங்கால் இரண்டும் விளக்கு மாதிரி எரிந்தன. நடுவில் செடி மறைவுக்கு ஒதுங்கிவிட்டு வந்தவனுக்குக் கால்சட்டையின் முன்பக்கம் பளபளவென்று தெரிந்தது.

"அண்ணே, அங்கயுமா மருந்தடிச்சீங்க?" என்று ஒருத்தி கத்தினாள். அவன் தொப்பியால் மறைத்தான். தொப்பியும் மின்னியது. நான் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டேன். சுவரும் மின்னியது.

"தாத்தா, நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். சிரிப்பு நின்றது.

"அய்யய்யோ, நாக்கெல்லாம் பச்ச!" என்றாள் என் வீட்டுக்காரி. எல்லோரும் நீட்டினார்கள். எல்லாம் பச்சை. கையிலிருந்த சாயம் நக்கின சீனியோடு உள்ளே போயிருக்கிறது.

"இன்னைக்குச் சாயம். மத்த நாள்ல?" என்றது பிள்ளை, மெதுவாக.

இருட்டில் கண்டாக்கு கதவுப் பக்கம் நகர்வது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், அவர் உதடு மின்னியது. காதும் மின்னியது, அதில் ஒட்டியிருந்த போனும் மின்னியது.

"கண்டாக்கையா, நீங்களும் நீட்டுங்க!" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் எங்க அடிச்சேன்?" என்று கேட்க வாயைத் திறந்தார். அதுவே போதுமாக இருந்தது. எங்கள் எல்லோரையும்விடப் பச்சை அவருக்குத்தான். குழாய்முனையை ஊதினவர் அல்லவா? காம்பரா அதிர்ந்தது. கடைசியில் அவரே சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்தார். கண்ணும் மின்னியது.

மறுநாளே தோட்டத்துத் துரையிடம் போனார். பைப்பு வந்தது. அழுக்குத் தண்ணீர் ஓடையில் இறங்காதபடி, பிள்ளை சொன்ன இடத்தில் குழியும் வெட்டினோம். அடுத்ததாக, மருந்தே இல்லாமல் புல்லை அடக்க முடியுமா என்று ஒரு மலையில் அந்தப் பிள்ளை பார்க்கப் போகிறதாம்.

பைப்பு வந்த முதல் நாள் நாங்கள் வேலை முடிந்து சவர்க்காரத்தோடு பைப்படிக்கு ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஒருவர் குனிந்து கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"வரிசையில நில்லுங்கய்யா," என்றார் கண்டாக்கு, வாய் நிறைய நுரையோடு.