தொழிற்பேட்டைக்குப் பூக்கேட்டது

எங்கள் தொழிற்பேட்டைக்குள் இன்று லாரி திரும்பக்கூட இடமில்லை. சங்ககிரி ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் இரண்டு பக்கமும் ஷெட்டுகள், மூன்று டீக்கடைகள், ஒரு ஏடிஎம், ஒரு மணிக்குள் காலியாகிவிடும் பிரியாணிக்கடை. இடம் கேட்டு வருகிறவர்களிடம், ஒன்றுமே இல்லாத காலத்தில் அப்பாவும் சித்தப்பாவும் துணிந்து வந்தவர்கள் என்று நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு. எப்படித் துணிந்தார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அது பெருமைப்படும்படியான பங்கு இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சேலத்துக்குள் நெருக்கமான ஒரு சந்தில் எங்கள் வீட்டின் முன்பாதி லேத் பட்டறையாக இருந்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரிச் சாமான்கள் கடைந்து கொடுப்பார்கள். ஆரம்பித்தவர் அப்பா. சித்தப்பா பத்தாவது முடித்த கையோடு அண்ணனிடம் வந்து சேர்ந்தவர். மோட்டார் ஓடினால் சுவர்க்கடிகாரம் சாய்ந்துவிடுகிறது, பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று சந்தே கூடி மனுக் கொடுத்தது. அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே சிறுதொழில் செய்கிறவர்களுக்கு மனை ஒதுக்குகிறார்கள் என்று சித்தப்பா கேள்விப்பட்டு, அப்பா பெயரில் எழுதிப் போட்டார். மனையும் கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ப் பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் வேலிக்காத்தான். நடுவே எண் எழுதிய அளவுக்கற்கள். கல்லுக்குக் கல் தாண்டிக் குதித்து சித்தப்பா, இங்கே லேத், இங்கே டிரில்லிங் மெஷின், இங்கே அண்ணன் உட்கார ஒரு ரூம் என்று காட்டினார். அப்பா வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"இங்க ஆருடா தேடி வருவாங்க? நா வரலை" என்றார்.

நீங்கள் வராவிட்டால் நான் வேறு மனை கேட்டுத் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சித்தப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஒரே லேத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு, உன் சித்தப்பனை அந்த ஸ்பேனரை எடுக்கச் சொல்லு என்று அப்பா என்னிடம் சொல்வார். சித்தப்பாவின் காதில் நன்றாக விழும். இருந்தாலும் நான் ஒருமுறை சொன்ன பிறகுதான் எடுப்பார். சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிய தேதி நெருங்க நெருங்க, அம்மாவுக்குத் தூக்கமில்லாமல் போனது. அவர்தான், குலசாமியிடம் பூக்கேட்டுவிடலாம், சாமி சொன்னபடி இரண்டு பேரும் கேளுங்கள் என்று முடிவுகட்டினார்.

எடப்பாடிப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். வெள்ளை அரளியை ஒரு பொட்டணத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் கட்டிச் சாமியின் காலடியில் வைப்பார்கள். வயசுக்கு வராத பிள்ளை ஒன்று கண்ணை மூடி ஒரு பொட்டணத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். காலையில் பூ வாங்கிவந்தவர் சித்தப்பா. எடுக்கிற பிள்ளை நான்.

வெள்ளை வந்தது. சித்தப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் வெகுநேரம் எழவில்லை. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமியே சொல்லிருச்சு, போலாம்" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் தம்பியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மிச்சப் பொட்டணத்தைக் கிணற்றில் போட என்னிடம் கொடுத்தார்கள். செய்யாதே என்றால் செய்துபார்க்கிற பிள்ளை நான். கிணற்று மேட்டில் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை. பூ வாங்கியவர் சித்தப்பா, போக ஆசைப்பட்டவரும் சித்தப்பா. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பிரித்ததைச் சொன்னால் முதுகு பழுத்துவிடும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து சித்தப்பா வாங்கித் தந்த தேங்காய் பன்னைக்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தின்றேன்.

தொழிற்பேட்டையில் முதல் வருஷம் கொடுமையாக இருந்தது. மொத்தமே நான்கு ஷெட்டுகள். டிரான்ஸ்பார்மர் வரும் வரும் என்றார்கள், கம்பம்தான் வந்தது. டீசல் ஜெனரேட்டரில் பாதிநாள் ஓட்டினார்கள். குடிக்கிற தண்ணீரையும் கேனில் கொண்டுபோக வேண்டும். பழைய வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேருக்கு வழி தெரியவில்லை, தெரிந்தவர்களுக்கு வர மனமில்லை.

கோடை லீவில் ஒருநாள் அம்மாவோடு சோறு கொண்டுபோயிருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே அப்பா திடீரென்று சரிந்து விழுந்தார். சித்தப்பா அவரை மடியில் போட்டுக்கொண்டு முகத்தில் தண்ணீர் அடித்தார். அப்பா கண்ணைத் திறந்ததும், அவ்வளவு பெரிய மனிதர் சித்தப்பா, தேம்பித் தேம்பி அழுதார்.

"என்னாலதானுங்ணா உங்களுக்கு இந்தக் கஷ்டம். வந்தே இருக்கக்கூடாதுங்ணா."

"நீயாடா கூட்டியாந்த? சாமி சொல்லுச்சு, வந்தோம். அளுவாத, உடு" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. அழுகிறாராமே, செய்வதையும் செய்துவிட்டு!

"சாமி ஒண்ணும் சொல்லலைங்ப்பா. ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைப்பூதான் இருந்துச்சு. நா பிரிச்சுப் பாத்தேன். சித்தப்பாதான் வெச்சு ஏமாத்திட்டாரு!" என்று கத்தினேன்.

சித்தப்பாவின் அழுகை நின்றுவிட்டது. அவர் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஆமா சாமி. நாந்தான் வெச்சேன்" என்றார்.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமிதத்தில் நான் நிமிர்ந்து நின்றேன்.

பல வருஷங்கள் கழித்து, அப்பா காலமான பிறகு, இதை அம்மாவிடம் முதன்முறையாகப் பேசினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் உறுத்துகிறது. "மூத்தவங்கதான் பொட்டணம் கட்டோணும். உங்க சித்தப்பன் பூசாரியக் கூட்டியாரப் போயிருந்தாரு. உங்கப்பாதான் ஒண்டியா உக்காந்து கட்டுனாரு" என்றார். வரமாட்டேன் என்று சொன்ன வாயால் வருகிறேன் என்று சொல்ல அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. தம்பியை விடவும் முடியவில்லை. சாமிக்குப் பயந்த மனிதர் சாமியிடமே பொய் சொல்லியிருக்கிறார். தனக்காகத்தான் அண்ணன் அதைச் செய்தார் என்று சித்தப்பாவுக்கு நான் கத்திய அந்த நொடியில்தான் தெரிந்திருக்கிறது. தெரிந்த மறுநொடியே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். கடைசிவரை அதை அவர் இறக்கி வைக்கவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே புரிந்தது? வீட்டுக்குப் போனதும் பெரிய சண்டை நடக்கும், அப்பா சித்தப்பாவை ஒரு வழி பண்ணிவிடுவார் என்று வாசலிலேயே காத்துக் கிடந்தேன். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சித்தப்பாவின் தட்டில் அப்பாவே இன்னொரு கரண்டி சோறு போட்டார். இவ்வளவு ஏமாந்தும் கோபம் வரவில்லையே, இந்த அப்பாவுக்கு ரோசமே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.