விழுப்புரம் பிளாட்பாரத்தில் ஜெர்மன்

திண்டிவனத்தில் எங்களுக்கு ஜெர்மன் வகுப்பு எடுத்த சார், உங்களுக்கு ஜெர்மன் பேசத் தெரியாது. அதை மறைக்கத்தான் மாதா கோவில் வாசலில் என்னைப் பற்றி அப்படிப் பேசினீர்கள்.

எண்பதுகளில் நான் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்துப் பெண்களை எடுத்தார்கள். அங்கிருந்து ஒரு மதர், கன்னியாஸ்திரிகளின் தலைவி, வந்து, நேரில் உட்கார வைத்து ஜெர்மனில் பேசிப் பார்ப்பார். யாரெல்லாம் தயார் என்று சாரைக் கேட்டுத்தான் பங்குச் சாமியார் பெயர்களை அனுப்புவார். என் அப்பாவும் அம்மாவும் கிளியனூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவுதான்.

சார் வரி வரியாகச் சொல்வார். நாங்கள் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு, சேர்ந்து சொல்வோம். புத்தகம் முழுக்க மனப்பாடம்.

"சார், நாங்க ரெண்டு ரெண்டு பேரா பேசிப் பாக்கலாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மொதல்ல ஒழுங்கா ஒப்பிம்மா. பேச்சு தானா வரும்."

வரவில்லை. அதனால் ஆள் தேடிப் போனேன். பாண்டிச்சேரி வண்டிக்காக வெள்ளைக்காரர்கள் விழுப்புரம் ஜங்ஷனில் காத்துக் கிடப்பார்கள். டூட்டி முடிந்ததும் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், ஜெர்மன் தெரியுமா என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். ஒருவர் நான் ஏதோ விற்க வந்ததாக நினைத்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். கடைசியில் ஒரு பெண் தெரியும் என்று தலையாட்டினாள். பாண்டிச்சேரியில் தங்கியிருந்தாள். மண்டகப்பட்டுக் குகைக் கோவிலைப் படம் வரைய வாராவாரம் வருகிறவள். அவளுக்குத் தமிழ் வேண்டும், எனக்கு ஜெர்மன். வண்டி வரும்வரை பாதி நேரம் அவள் பாஷை, பாதி நேரம் என் பாஷை என்று முடிவு செய்தோம்.

முதல் கேள்வி, உன் வீடு எங்கே. பதில் எனக்குத் தெரியும். மூன்றாம் பாடத்தின் நடுவில் இருக்கிறது. ஆனால் பாடத்தை முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் அந்த இடத்துக்கு வர முடியும். மேலே பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

டீ விற்கிறவர் நின்று பார்த்தார். "இன்னா நர்ஸம்மா, அந்தம்மா கேள்வி கேட்டுக்கினு கீறாங்க, நீ இன்னான்னா செபம் பண்ணிக்கினு கீற?"

அவள் சிரிக்கவில்லை. அந்த ராகத்தைப் பாடிக் காட்டச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எங்கள் நாட்டில் இந்தப் பாட்டு கிடையாது என்றாள். பிறகு அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கினாள். கேட்டவுடன் பதில் சொன்னால் எனக்கு ஒன்று; முணுமுணுத்தால் அதை அவளே தின்றுவிடுவாள். அன்று அவள்தான் வயிறு நிறைய தின்றாள்.

எனக்கு எல்லாமே தெரிய வேண்டியிருந்தது. ஊசி போடும்போது குழந்தை அழுதால் அங்கே என்ன சொல்லி ஏமாற்றுவார்கள்? சாகப்போகிறவரிடம் என்ன பேசுவார்கள்? எங்கள் புத்தகத்தில் ராஜா இருந்தார், காடு இருந்தது, வலி இல்லை. அவள் என் முழங்காலை அழுத்தி, இங்கே வலிக்கிறதா என்பதைச் சொல்லிக் கொடுத்தாள். "டூட் எஸ் ஹியர் வே?" மறுநாள் வார்டில் கெடார் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் அதையே கேட்டுப் பார்த்தேன்.

"இன்னாம்மா அது, மருந்து பேரா? கசக்குமா?" என்றார்.

சில மாதங்களில் முணுமுணுப்பு நின்றது. மல்லாட்டைப் பொட்டலம் என் பக்கம் வந்தது.

மதர் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு சார் திண்டிவனம் வண்டிக்காக அந்தப் பிளாட்பாரத்தில் வந்து நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டிவந்து, இவர்தான் என் வாத்தியார் என்று அவளிடம் ஜெர்மனில் சொன்னேன். அவள் எழுந்து கைகூப்பி, எத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். சின்னக் கேள்வி. சாரின் கண் மேலே போனது. உதடு அசைந்தது. எந்தப் பாடத்திலும் அது இல்லை.

"வண்டி கெளம்புது, நான் வர்றேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு விறுவிறுவென்று பாலம் ஏறினார். வண்டி இன்னும் வந்தே சேரவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது, சாமியாரிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "அந்தப் பொண்ணு பேர எடுத்துடுங்க ஃபாதர். டேசன்ல வெள்ளக்காரனுங்க பின்னாடி சுத்திக்கினு கீது."

அப்பா பக்கத்திலேயே நின்றார். சாமியார் அனுப்பிய பெயர்களில் என் பெயர் இல்லை. மதர் வந்தார், ஒப்பித்த பெண்களைப் பார்த்தார், யாரையும் எடுக்காமல் போனார்.

சார், நீங்கள் இன்றும் அதே கோவிலுக்குத்தான் வருகிறீர்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அதே வாசலில் நில்லுங்கள். நானும் வருகிறேன். பிளாட்பாரத்தில் அவள் கேட்டதற்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று ஊர் கேட்கச் சொல்லுங்கள். ஜெர்மனில் வேண்டாம். தமிழிலேயே சொல்லுங்கள்.