சுடலையாண்டி அண்ணாச்சியின் பிராசஸர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பொம்பளையிடம் ஆம்பிளைகள் பேசுகிற விதமே தனி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கடையில ஆள் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். நான்தான் ஆள் என்று சொன்னால் வெளியே போய்ப் பெயர்ப் பலகையை ஒருதரம் படித்துவிட்டு வருவார்கள். தென்காசியில் பத்து வருஷமாக எனக்கு இந்தக் கூத்துதான். அப்படியெல்லாம் கேட்காமல் நேராக உள்ளே வந்து, "எப்சிபா, இதக் கொஞ்சம் பாரு தாயி" என்று சிபியுவை மேஜைமேல் வைத்தவர் சுடலையாண்டி அண்ணாச்சி ஒருவர்தான். அந்த மரியாதைதான் என் வாயைக் கட்டிப்போட்டது. வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன்.

அவர் பஸ் டிரைவர். புளியறையிலிருந்து செங்கோட்டை, குற்றாலம் வழியாகத் தென்காசிக்கு வரும் தனியார் வண்டி. ஐம்பத்திரண்டு வயது, அதில் இருபத்தாறு வருஷம் அந்த ஒரே ரோட்டில். போக நாலு, வர நாலு, ஆக ஒரு நாளைக்கு எட்டு நடை. நான் தினமும் செங்கோட்டையில் அவர் வண்டியில் ஏறித்தான் கடைக்கு வருகிறேன். அன்று சிபியுவும் என்னோடுதான் வந்தது. ஒரு பழைய லுங்கிச் சாரத்தில் சுற்றி, இன்ஜின் மூடிமேல் வைத்து, கண்டக்டரிடம் யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

மகன் சுபாஷ் பட்டாளத்துக்குப் போகும்போது விட்டுப்போன கேமிங் கம்ப்யூட்டர் அது. சும்மா கிடக்கிறதே என்று ஒரு லீவு நாளில் தட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே பஸ் ஓட்டும் கேம் இருந்திருக்கிறது. அவ்வளவுதான், ஆளைப் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங், பிரேக், கிளட்ச் எல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கி மாட்டிக்கொண்டார். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போயும் பஸ்ஸா என்று நான் கிண்டல் செய்வேன். இந்த பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட ஆள் கிடையாது என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் புனலூர், கொட்டாரக்கரைப் பக்கத்து மலையாளப் பையன்கள் இருபது பேரோடு ஆன்லைனில் வரிசையாகப் போவார். நிஜ டிரைவர் என்று தெரிந்ததும் அவரைத்தான் முன்னால் விட்டார்களாம். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இப்போது அந்தப் பையன்கள் அவரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மூன்று வாரமாக முன்னால் போகும் வண்டிகளின் முதுகில் போய் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "சேட்டா, உங்கள் பிராசஸர் பழசு, அதை மாற்றிவிட்டு வாருங்கள்" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். அண்ணாச்சிக்கு அது பிடித்துக்கொண்டது. எதிரே வரும் லாரியைக் கம்ப்யூட்டர் தூரத்திலேயே காட்ட மாட்டேனென்கிறது, கிட்டே வந்ததும் திடீரென்று வரைகிறது என்று என்னிடம் சொன்னார். பிராசஸர் திணறினால் அப்படி ஆவது உண்டு. அதனால் நானும் நம்பினேன். மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் ரெண்டு நடைக்கு இடையில் சாப்பிடாமல், ஸ்டியரிங்கையும் பெடல்களையும் ஒரு சாக்கில் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேமைப் போட்டேன். பிராசஸர் பாதி வேலைகூடச் செய்யவில்லை, ஹாயாக இருந்தது. படம் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. நானே ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டி ஒரு டீக்கடைக்குள் விட்டேன். டீக்கடை தூரத்திலேயே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஓட்டத்தான் தெரியவில்லை. பிறகு அவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். மலை ரோடு. தூரத்து வளைவில் ஒரு சிவப்பு லாரி திரும்பியது. நான் வாயைத் திறக்காமல் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு.

"வந்துட்டு பாத்தியா? திடீர்னு எங்கன இருந்துதான் வருதோ" என்றார் அண்ணாச்சி.

மானிட்டரை மாற்றிப் பார்த்தேன், வேறு ரோடு போட்டுப் பார்த்தேன். மாடு, சைக்கிள், பாலம், எதுவானாலும் எனக்குத் தெரிந்து நாலு எண்ணிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டர் எதையும் தாமதமாக வரையவில்லை. இந்த ஆள்தான் இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் வண்டிக்குள் எத்தனை பேர் நின்றுகொண்டு வந்தோம் என்று நினைத்துப் பார்த்தேன்.

பிராசஸரில் குறை ஒன்றுமில்லை, மாற்றினாலும் பிரயோஜனம் இருக்காது என்று மட்டும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கை இன்னும் ஒரு தரம் இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எதுக்கும் மாத்திப் பாத்துருவோம் தாயி. வேற எதுவா இருக்கப்போவுது?" என்றார். சரியென்று தலையாட்டி ஆர்டர் போட்டேன். நான் செய்த பாவம் அதுதான். வேண்டாத ஒரு பொருளை, வேண்டாதது என்று தெரிந்தே, பேச்சை முடிப்பதற்காக ஆர்டர் போட்டேன்.

பொருள் மதுரையிலிருந்து வரப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. மலை இருக்கும் திசையே தெரியவில்லை. குற்றாலத்தில் சீசன் கூட்டம் ரோட்டைத் தன் வீட்டு முற்றமாக நினைத்துத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் டிரைவருக்கு இடதுபக்கம் முன் சீட்டில் உட்கார ஆரம்பித்தேன். அங்கே உட்கார்ந்ததும்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. முன்னால் ஒரு வண்டி போனால் அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் போவார். அது விலகிவிட்டால் தோள் இறுகும், கழுத்து முன்னால் நீளும். ஸ்டாப்பில் ஆள் நிற்கிறதா என்று பார்க்க மாட்டார், கண்டக்டர் விசிலுக்குக் காத்திருப்பார். ரோட்டை அவர் பார்க்கவில்லை, மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். மனப்பாடத்தில் இல்லாத ஒரு பிள்ளை குறுக்கே வந்தால் என்ன ஆகும்?

அவர் வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். அவர் சம்சாரம் ஆவுடைத்தாய் அக்கா எடுத்தாள். சுற்றி வளைத்துக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சுகர், அது கண்ணில் இறங்கிவிட்டது, லேசர் வைக்க வேண்டும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்று சித்திரையிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். சீசன் முடியட்டும், முடியட்டும் என்று இவர்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாராம். "தட்டுல சோறு எங்கன இருக்கு, குழம்பு எங்கன இருக்குன்னு தடவிப் பாத்துத்தான் திங்குதாரு. நான் சொன்னா எரிஞ்சு விழுதாரு. கம்ப்யூட்டர் சரியாயிட்டுன்னா எல்லாம் சரியாயிரும்னு சொல்லுதாரு" என்றாள். அந்த அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

புதுப் பிராசஸர் வந்தது. பழசைக் கழற்றி, சூடு தணிக்கிற பேஸ்ட் தடவி மாட்டினேன். மத்தியானம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆசை. பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி கிளம்பியது. "ஆஹா, இப்ப கண்ணாடி கணக்கா இருக்கு" என்றார். அதே வளைவு, அதே சிவப்பு லாரி. திரை முழுக்க லாரியாக ஆகும்வரை அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. நேராக அதன் மூஞ்சியில் போய் மோதினார்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நெட்டு ஸ்லோவா இருக்கு" என்றார்.

"அண்ணாச்சி, நான் நெட்டு வயரே சொருகல" என்றேன். "இனிமே மாத்துறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. கண்ணப் போய்க் காட்டுங்க. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. ஸ்டியரிங்கைக் கழற்றினார், பெடல்களைச் சாக்கில் போட்டார், சாரத்தை எடுத்து சிபியுவைச் சுற்றினார். முடிச்சுப் போட மூன்று தரம் தடவினார். வாசற்படியில் இறங்கும்போது காலால் படியைத் தேடியது எனக்குத் தெரிந்தது. அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை செங்கோட்டையில் நிற்கிறேன். வண்டி வந்தது. ஸ்டியரிங்கில் அவர்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஏறக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் திபுதிபுவென்று ஏறியது. அதுகளை விட்டுவிட்டு நான் மட்டும் தப்பித்து என்ன செய்ய? ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். சாரல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

குற்றாலம் பஜாருக்குள் நுழைகிறோம். குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம், ஈரத் துணியோடு, குனிந்த தலையோடு, நடு ரோட்டில். தகப்பன் தோளில் ஒரு குழந்தை. வண்டி வேகம் குறையவில்லை. இப்போது பார்ப்பார், இப்போது பார்ப்பார் என்று நான் காத்திருந்தது எவ்வளவு நேரமோ. "அண்ணாச்சி, ஆளு!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்துக்குத்தான் பிரேக் விழுந்தது. வண்டி குலுங்கி, நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பம்பருக்கும் அந்தக் குழந்தையின் தொங்கும் காலுக்கும் ஒரு முழம்கூட இருக்காது. வண்டியில் எல்லோரும் அந்தத் தகப்பனைத் திட்டினார்கள். அவன் பாவம், கை கூப்பிவிட்டு ஒதுங்கினான். அவன் ஒதுங்கிய பிறகும், கண்டக்டர் விசில் ஊதும்வரை அண்ணாச்சி வண்டியை எடுக்காததை நான் ஒருத்திதான் கவனித்தேன்.

தென்காசியில் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். ஓனர் நம்பரைக் கண்டக்டரிடம் கேட்டு வாங்கிப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதற்குள் வண்டி அடுத்த நடைக்கு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. நான் இறங்கிய முன் சீட்டில் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்து, போனை எடுத்து அதில் குனிந்துகொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினான்.

ஓடிப்போய் ஏறினேன். அந்தப் பெண்ணிடம், பின்னால் நல்ல இடம் இருக்கிறது தாயி, இங்கே சாரல் அடிக்கும் என்று சொல்லி எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். கடைச் சாவி கையிலேயே இருந்தது. அண்ணாச்சி பக்கம் சாய்ந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"இந்த ஒரு நடைதான். புளியறையில வண்டிய நிறுத்தலன்னா அங்கனயே எல்லார் முன்னாடியும் சொல்லிருவேன். உங்க மானம் போனாலும் போவட்டும், நான் சொல்லுவேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு மெதுவாக ரோட்டில் ஏறியது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே எனக்கு எல்லாமே தெரிந்தது.

"சரி தாயி" என்றார். பிறகு குரலை இன்னும் இறக்கிக்கொண்டு கேட்டார்.

"இப்ப சொல்லு. முன்னால என்ன வருது?"