கிரான் காட்டுக்கு ஒரே கத்தி

கத்தியின் வாயைச் சரித்துத் தீட்டுவதில் இத்தனை வகை இருப்பது தெரிந்த அன்று நான் சோற்றையே மறந்துவிட்டேன். ஹாலோ என்பது இரு பக்கமும் உள்ளே குழிந்து, சவர அலகு போல மெலிந்தது. ஃபிளாட் என்பது முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவு. ஸ்காண்டி பாதி அகலம் வரை தடிப்பாக வந்து, பிறகு ஒரே சரிவில் வாயாகி முடியும். மரத்தில் வைத்தால் அந்தச் சரிவு தானாகப் படிந்துகொள்ளும். கோணம் தேடத் தேவையில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கடைசியில் கைக்கடக்கமான ஸ்காண்டி ஒன்றை வாங்கினேன்.

அடுத்த விடுமுறையில் சொந்தக்காரர்கள் கூட்டமாகக் கிரானுக்கு மேற்கே காட்டோரம் தங்கப்போவதாக ஏற்பாடு. கத்தி ஒன்று போதும், அது என்னுடையது என்றேன். மாமாவின் மகன் காடு வெட்டும் தன் நீளமான மன்னாக்கத்தியைத் தூக்கிக் காட்டினான்.

“இதென்ன கா மச்சாள், பென்சில் சீவவா?”

“நீ அந்த வாளைத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போ மச்சான்.”

பரீட்சை வைப்பது என்று முடிவானது. பழுகாமத்து வாவிக் கரையில் என் கத்தியால் மட்டும் விறகு சீவித் தீ மூட்டி, மீன் வெட்டிக் கொடுக்க வேண்டும். முடிந்தால் கிரானுக்கு அது மட்டும் வரும். முடியாவிட்டால் என் கத்தி வீட்டில், மன்னாக்கத்தி பயணத்தில். மச்சானின் காத்தான்குடிக் கூட்டாளிதான் நடுவர், சமையலும் அவர்தான்.

முதல்நாள் மழை பெய்திருந்தது. கரையில் ஒதுங்கிக் கிடந்த விறகெல்லாம் ஈரம். நான் ஒரு கொம்பை நிறுத்தி, அதன் தலையில் கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு தடியால் தட்டினேன். பிளந்தது. உள்ளே காய்ந்த மரம்! அதைச் சீவச் சீவ, முறுக்குப் பிழிந்ததுபோலச் சுருள் சுருளாக விழுந்தது. முதல் தீக்குச்சியிலேயே பற்றிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

“நெருப்பு ஆரும் மூட்டுவான். மீனுக்கு வா,” என்றான் மச்சான்.

பெரிய செப்பலி. கத்தியின் முதுகால் செதிலைச் சுரண்டிவிட்டேன். வெட்டத் தொடங்கியதும் வினை. பலகையில் மீன் வழுக்கியது, கத்தி நழுவியது, வால்பக்கம் நசுங்கிக் கூழானது. தடித்த சரிவு சதைக்குள் ஆப்பு மாதிரி நின்றது. ஃபிளாட்டை வாங்கியிருக்க வேண்டும் என்று மனம் பதறியது.

“தங்கச்சி, இது மீனா சம்பலா? எனக்குப் பசிக்குது,” என்றார் நடுவர். மச்சான் மன்னாக்கத்தியை மடியில் வைத்துத் தாலாட்டினான்.

அப்போதுதான் என் இடது கையைப் பார்த்தேன். மீனைப் பலகையோடு அழுத்திக்கொண்டிருந்தது. நான் எப்போதாவது இப்படி மீன் வெட்டியிருக்கிறேனா? எங்கள் வீட்டிலும் சந்தையிலும் காலடியில் நிமிர்ந்து நிற்கும் அலகை நோக்கித்தானே மீன் போகும், இரண்டு கையிலும் பிடிபட்டு! மீனைப் படுக்கவைத்துக் கத்தியை ஓட்டுவது வீடியோக்காரர்களின் கைப்பழக்கம். கத்தியோடு சேர்த்து அதையும் வாங்கி வந்திருக்கிறேன்.

ஒரு கட்டையைப் பாதி பிளந்து, அந்தப் பிளவில் கத்திப் பிடியைச் செருகிக் கயிற்றால் இறுக்கினேன். கட்டையைக் காலால் மிதித்தபடி குந்தி, மீனை இரண்டு கையாலும் அலகில் வைத்து அழுத்தினேன். நறுக். தலை தனியாக வந்தது. அடுத்தடுத்துத் துண்டுகள், ஒரே தடிப்பில்.

“மீன்சந்தையே வந்திட்டுது! அக்கா, கிலோ என்ன விலை?” என்றான் மச்சான்.

“உனக்குத் தலை மட்டும்தான். தள்ளி நில்லு.”

குழம்பு கொதித்தது. நசுங்கிய வாலையும் அதற்குள் போட்டோம். நடுவர் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

“கத்தி பாஸ். கிரானுக்கு அது மட்டும் போதும்.”

நான் எழும்பி ஆடினேன். மச்சான் விரலை நக்கிக்கொண்டே கேட்டான்:

“சரி, கத்தி சின்னன்தான். இந்தக் கட்டையை ஆர் காவுறது?”

“வாள் இல்லாமல் உன்ட தோள் சும்மாதானே இரிக்கு.”