மூத்தார் ஊருக்குப் போகும் மேடு

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து பாண்டி மூலக்குளத்தில் எங்கள் தெருவே சிரித்தது. "நாப்பத்தொம்போது வயசுல சைக்கிள் கேக்குதா இதுக்கு?" என்று எதிர்வீட்டம்மா என் காதில் விழும்படியே சொன்னார். பூசைக்குப் போகாமல் எங்கேடி போகிறாய் என்று அம்மா கேட்டாள். மலை பார்க்கப் போகிறேன் என்றேன். அது பாதி உண்மை.

செஞ்சிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், இருக்கிறார். தம்பி இறந்துவிட்டார் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கிளம்பினேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

எங்கள் கல்யாணம் மாதா கோயிலில் நடந்தது. அவர்கள் வேறு சாதி, வேறு சாமி. கல்யாணத்துக்கு முந்தின நாள் மூத்தார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எனக்குத் தம்பியே கெடையாது. செத்தாகூட சொல்லி அனுப்பாதீங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் சட்டென்று வரும், லேசில் போகாது. இருபத்து மூன்று வருஷம் அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பேன்" என்றார். "சொல்லியாச்சு" என்றேன். சொல்லவில்லை. இரண்டு நாள் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவர் ஊர்க்காரர்கள் யாரும் எங்களோடு பழகவும் இல்லை. நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் கிடையாது.

சைக்கிள் அவருடையது. சர்க்கரைக்கு நல்லது என்று கியர் வண்டியாகப் பார்த்து வாங்கி, ஊசுட்டேரி வரைக்கும் பத்து முறை போயிருப்பார். அதன் பிறகு அது வராந்தாவில் தூசி தின்றுகொண்டு நின்றது. பஸ் இருக்கிறதே, ஏன் சைக்கிள் என்று கேட்பீர்கள். பஸ்ஸில் ஏறினால் ஊர் வந்துவிடும், இறங்கித்தான் ஆக வேண்டும். சைக்கிளில் போனால் எந்த இடத்திலும் திரும்பிக்கொள்ளலாம். என் வீரம் அவ்வளவுதான்.

அப்படித்தான் திரும்பித் திரும்பி வந்தேன். முதல் ஞாயிறு சேதராப்பட்டு தாண்டி மயிலம் மலை அடிவாரம் வரை. மேலே முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை நெடுஞ்சாலையைக் கடந்து மேற்கே கொஞ்ச தூரம். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். ஒரு மாதம் மழையைச் சாக்கு வைத்தேன்.

பாண்டிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே மேடு கோரிமேடு. அதை ஏறிவிட்டாலே பெரிய சாதனை செய்ததாகப் பேசிக்கொள்வோம். மயிலத்துக்கு மேற்கேயோ தரை மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மேட்டின் நடுப்பாதி வந்து கால் நின்றுபோன பிறகுதான் எனக்குக் கியர் ஞாபகம் வரும். அழுத்திக்கொண்டே மாற்றுவேன், செயின் கழன்றுகொள்ளும். மூன்றாவது தடவை ஒரு டீக்கடைக்காரர் இறங்கி வந்து செயினை மாட்டிவிட்டு, "ஏறத்துக்கு முன்னாடியே மாத்திக்கணும்மா. ஏறக்கொள்ள மாத்துனா அறுந்துதான் பூடும்" என்று சலித்துக்கொண்டார். கோபம் வந்தது. சொன்னதென்னவோ சரிதான்.

செஞ்சிப் பக்கத்து மலைகளை நான் அதுவரை பார்த்ததில்லை. "எங்க ஊர்ல மலய யாரோ கொட்டிட்டுப் போயிட்டாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லுவார். நான் சிரிப்பேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. லாரியிலிருந்து சரித்துவிட்ட மாதிரி பாறை மேல் பாறை, இடுக்கில் காட்டுச்செடி, கீழே வேர்க்கடலை போட்ட மணிலாக் கொல்லை. சில மலைகளை ஒரு பக்கமாக வெட்டி எடுத்திருந்தார்கள், உள்சதை வெள்ளையாகத் தெரிந்தது. வெயில் ஏற ஏற அந்தப் பாறைகளிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. இத்தனை வருஷம் அவர் சொல்லக் கேட்டு, ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் கேட்டதே இல்லை. அதை நினைத்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கிறேன்.

கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் என்னை விடமாட்டார்கள். "ஏம்மா, பஸ்ஸு வுட்டுட்டியா?" என்பாள் ஒருத்தி. "வூட்டுக்காரரு ஸ்கூட்டி வாங்கித் தரலியா?" என்பாள் இன்னொருத்தி. "தரல, கஞ்சம்" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அழுத்துவேன்.

ஊரின் பெயர்ப்பலகையைக் கண்ணால் பார்த்தது ஒரு மாசி மாத ஞாயிறு. பலகை வரை போய், தொட்டும் பார்த்துவிட்டு, திரும்பிவிட்டேன். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு எங்கேயும் நிற்கவில்லை.

பெட்டிக்கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஊர்க்கோடியில் கொல்லையை ஒட்டிய வீடு. வேப்பமர நிழலில் ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் பிடுங்கிப்போட்ட மணிலாச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பெரியவருடைய மூக்கு என் வீட்டுக்காரருடையது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"யாரும்மா?"

"பாண்டிலேருந்து வரேன் மாமா."

காய் ஆய்ந்த கை நின்றது. என்னையும் சைக்கிளையும் பார்த்தார். "அவன் அனுப்பிச்சானா?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், துரத்துவார் என்றுதான் வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"இல்ல மாமா. அவரு போயிட்டாரு. ஒன்றர வருஷமாச்சு."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் மடியிலிருந்த காய்களைக் கூடையில் கொட்டினார். எழுந்தார். திரும்பியும் பார்க்காமல் கொல்லைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சைக்கிளைத் திருப்பினேன்.

"எங்கம்மா போற? இரு" என்று அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி செத்த சேதி காதுல வுழுந்தா தலைக்கு ஊத்திக்காம எப்பிடி நிப்பாரு? ஊத்திக்கினு வரட்டும்."

அப்போதுதான் கொல்லையிலிருந்து பம்புசெட் மோட்டார் சத்தம் கேட்டது. தொட்டிக்குள் குழாய்க்கு நேராக, சட்டை வேட்டியோடு அவர் குந்தியிருந்தார். தண்ணீர் உச்சந்தலையில் கொட்டியது. எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆனால் அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஊரான் செத்த சேதிக்கு அப்படி யாரும் ஊற்றிக்கொள்வதில்லை, ரத்த உறவுக்குத்தான். தம்பியே கிடையாது என்று சொன்ன மனிதர் நெடுநேரம் அந்தக் குழாயடியிலேயே இருந்தார்.

சொட்டச் சொட்ட வந்து நின்று, "இவளுக்கும் ஒரு பொடவ எடுத்தாந்து குடு. ஊத்திக்கினு வந்து சாப்புடட்டும்" என்றார் மனைவியிடம். என் கைக்கு ஒரு நூல் புடவை வந்தது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். மாதாவே, என்னால் முடியவில்லை.

"மாமா, ஒன்னு சொல்லணும். உங்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாரு. நாந்தான் அனுப்பல. அன்னைக்கு நீங்க சொன்னத மனசுல வச்சிக்கினு, சொல்லியாச்சுன்னு அவருகிட்ட பொய் சொல்லிட்டேன். ரெண்டு நாளு வாசலயே பாத்துக்கினு இருந்தாரு."

அவர் தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

"அப்ப, அண்ணன் வரலன்னு நெனச்சிக்கினேவா போனான்?"

"ஆமா மாமா."

அவர் மணிலாச் செடிக் குவியலின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். புடவையைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. போய் ஊற்றிக்கொள் என்றும் யாரும் மறுபடி சொல்லவில்லை. நானே புடவையோடு கொல்லைக்கு நடந்து மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாயடியில் போய் உட்கார்ந்தேன்.